அண்ணன் ஊற்றிய காபி

அத்தியாயம் 11

குனாஃபாத் தட்டு மூன்று மணிக்கே வந்து இறங்கிவிட்டது. அதில்தான் வந்தது வினை.

பெரிய வட்டத் தட்டு நிறையப் பாலாடைக்கட்டி இனிப்பு. மேலே பிஸ்தாத் தூள் பச்சைப்பசேலென்று தூவியிருந்தது. கடைக்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எண்பது படி ஏறி வந்திருந்தார். ஸல்த் நகரத்தின் மலைச்சரிவு வீடுகளுக்கு எந்த வண்டியும் வாசல் வரை வராது. மனிதருக்கு மூச்சு இரைத்தது.

"அபூ கைஸ் வீடுதானேம்மா? அஸர் தொழுகைக்கு அப்புறம் சூடா பரிமாறணும்னு சொன்னாங்க. ரோட்டுல நெரிசலா இருக்குமேன்னு முன்னாடியே கெளம்பிட்டேன். அவரோட தங்கச்சி திரும்பப் புருஷன் வீட்டுக்கே போறாங்களாமே. மப்ரூக். நல்லபடியா இருக்கட்டும்."

கதவைத் திறந்தவளே அந்தத் தங்கச்சிதான் என்று பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

இக்லாஸ் தட்டை வாங்கிக்கொண்டாள். நன்றி கூடச் சொன்னாள். கதவைச் சாத்தியதும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் ஒரு பெட்டியும் பதினொரு வயது மகள் தீமாவுமாக இதே படிகளில் ஏறி வந்தவள் அவள். அந்த ஊரில் கணவன் மீது கோபம் கொண்டவள் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அவன் பக்கத்திலிருந்து பெரிய மனிதர்கள் ஜாஹா எனும் தூதாகத் திரண்டு வந்து கேட்டால்தான் அவளை அனுப்புவார்கள். பிறந்த வீட்டு ஆண் காபி ஊற்றுவான். வந்தவர்களின் தலைவர் அதைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். "காபியைக் குடிங்க, நீங்க கேட்டது உங்களுக்கு" என்று பதில் வந்தால், அன்று மாலையே பெட்டி படியிறங்கும். வராவிட்டால் காபி அப்படியே இருக்க, எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஜாஹா இன்று வருகிறது. ஹாஜி அபூ தலால் தலைமையில் பன்னிரண்டு பேர். "உன்னைக் கேக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று அண்ணன் தைசீர் வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள், குனாஃபா வருகிற வரைக்கும்.

தைசீர் வரவேற்பறையில் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தான். ஆண்கள் பள்ளியில் பூகோள வாத்தியார். மூத்த மகன் கைஸின் பெயரால் ஊரே அவனை அபூ கைஸ் என்றுதான் கூப்பிடும். நல்லவன். அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய கோளாறு.

"அண்ணே, குனாஃபா வந்திருக்கு."

"அதுக்குள்ளயா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "வர்றவங்களுக்கு ஏதாவது குடுக்கணும்ல."

"பேரீச்சம்பழம் போதும். இல்லைன்னு சொல்லி அனுப்புறவங்களுக்கு யாரும் குனாஃபா வாங்கி வைக்க மாட்டாங்க. நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்."

அவன் நாற்காலியை அரை அங்குலம் இந்தப் பக்கம் நகர்த்தினான். பிறகு அதையே அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"எப்ப வாக்குக் குடுத்த?"

"வெள்ளிக்கிழமை. ஹாஜி ஊர்ப் பெரியவங்க கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்டார். அத்தனை பேர் உக்காந்திருக்கும்போது நான் எப்படி..."

"அப்ப இன்னைக்கு நடக்கப் போறது என்ன?"

"அது ஒரு முறை. செய்ய வேண்டியதைச் செய்யணும்ல."

"நாடகம்னு சொல்லு."

"சத்தம் போடாத. தீமா உள்ளே இருக்கா." அவன் குரல் கெஞ்சலாக ஆரம்பித்து, பாதியிலேயே கோபமாக மாறியது. "சரி, நீயே சொல்லு. அடிச்சானா? குடிக்கிறானா? வேற யார்கூடவும் தொடர்பு இருக்கா? வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போடலையா? ஒண்ணும் இல்லையே. சிரிக்கிறான்னு சொல்றே. பன்னிரண்டு பெரிய மனுஷங்க கிட்ட, என் தங்கச்சி புருஷன் சிரிக்கிறான், அதனால அனுப்ப மாட்டேன்னு நான் சொல்லவா?"

சிரிப்புதான். கணவன் முஃபீத் ஒருநாளும் கையை ஓங்கியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் சாவியை மறந்து வைத்துவிட்டாள். அன்றைக்கு "விடு, நீ மறந்துடுவ" என்று சிரித்தான். அதில் ஒன்றும் தப்பில்லை. மறுநாளும் சொன்னான். வங்கிக்குப் போகும்போது, மாவு பிசையும்போது, விருந்தாளிகள் முன்னால், தொலைபேசியில் அவன் தம்பியிடம் பேசும்போதெல்லாம் சொன்னான். "இக்லாஸா? அவளுக்கு அதெல்லாம் நிக்காது, நான் பார்த்துக்கறேன்." எப்போதும் பாசமாக, எப்போதும் தோளைத் தட்டிக்கொடுத்தபடி.

இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது ஒரே நாளில் தெரிவதில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் ஆறு வருடம் இரத்தம் பார்த்தவள் அவள். இது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. "ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டா ஒரு உயிர் போயிடுமே, உனக்கு எதுக்கு இந்தப் பதற்றம்?" என்று ஒரு வருடம் கேட்டான். கடைசியில் அவளே உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "இது நானா எடுத்த முடிவு" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாள். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், பள்ளிச் சுற்றுலாத் தாளில் கையெழுத்துப் போட அவள் பேனாவை எடுத்தாள். தீமா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம்மா, நீ மறந்துடுவ, அப்பா பார்த்துப்பாங்க" என்றாள். அதே சிரிப்பு. அதே தோள்தட்டல்.

அன்று மாலை இக்லாஸ் பெட்டி கட்டினாள்.

"அடிச்சானா குடிச்சானான்னு கேக்குறியே அண்ணே, இது உன் பேச்சே இல்லை," என்றாள் இப்போது. "இது உங்க துணைத் தலைமையாசிரியர் பேச்சு. போன வாரம் அவர் இங்க வந்து டீ குடிச்சிட்டு இதே வரிசையில கேட்டார். அடிச்சானா, குடிச்சானா, தொடர்பு இருக்கா. நான் சமையலறையில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"யார் கேட்டா என்ன? கேள்வி நியாயம்தானே?"

"பொம்பளைப் புள்ளை அப்பன் நிழல்ல வளரணும்னு செவ்வாய்க்கிழமை சொன்னே. அது வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல வர்ற பேச்சு. நீயே உன் வாயால பத்து தடவை கிண்டல் பண்ணியிருக்கே அதை. ஊருக்கு நாம என்ன பதில் சொல்றதுன்னு கேட்டியே, அது அண்ணியோடது. முதல் நாள் நான் வந்தப்ப நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

தைசீர் கடைசி நாற்காலியைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தான்.

"'உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நீ ஒண்ணும் சொல்ல வேணாம், உள்ளே வா'ன்னே. அது மட்டும்தான் நீ பேசினது. அதுக்கப்புறம் உன் வாயில இருந்து வந்தது ஒண்ணுகூட உன்னோடது இல்லை."

"அப்ப எனக்குன்னு புத்தியே கிடையாதுங்கிறியா?"

"இருந்துச்சு. ஆளுக்கு ஒரு கை போட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. நீயும் வாசல் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னே."

அவன் முகம் சிவந்தது. சாதுவான மனிதர்களுக்குக் கோபம் வந்தால் எங்கே அடிப்பது என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வீசுவார்கள். பட வேண்டிய இடத்தில் சரியாகப் பட்டுவிடும்.

"நீ மட்டும் உன் புத்தியிலதான் நடக்கிறியோ? காலையில இருந்து எத்தனை தடவை கேஸ் அடுப்பைத் திருகிப் பார்த்தே? நாலு. நான் எண்ணினேன். நேத்து ராத்திரி பூட்டின கதவை எழுந்து போய் இழுத்துப் பார்த்தே. அது யாரு? இக்லாஸா, முஃபீதா? அவனை விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டு, அவனைப் பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டுதான் வந்திருக்கே."

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது அவன் பேச்சு. எந்த ஆசிரியர் அறையிலும் யாரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்காதது.

"அதனாலதான் போக மாட்டேன்," என்றாள். "எனக்கு இப்படி ஆகப் பதினாலு வருஷம் ஆச்சு. தீமாவுக்குப் பதினொரு வயசுலயே ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கு நீ குடிங்கன்னு சொன்னா, அவளும்தான் கூட வருவா. அந்த வீட்டுல ரெண்டு இக்லாஸ் வேண்டாம்."

கீழே தெருவில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, நான்கு. தைசீர் சட்டென்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அப்புறம் பேசிக்கலாம்," என்றான்.

அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

சமையலறையில் அண்ணி நுஹா கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பிடியில்லாத சின்னக் கோப்பைகள். தீமா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு," என்றாள் நுஹா, நிமிராமல். "ஊருக்கு என்ன பதில்னு நான்தான் கேட்டேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரே ஒரு தடவைதான் கேட்டேன் இக்லாஸ். முதல் வாரம், தலைவலியில. அதுக்கப்புறம் உன் அண்ணன்தான் தினமும் என்கிட்டயே வந்து அதைச் சொல்லிக்கிட்டிருக்கார். கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே அது சரின்னு படுது."

இக்லாஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வீட்டுக்குள் ஒரே பேச்சைப் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறார்கள். இதில் யார் மீது போய் ஆத்திரப்படுவது?

வரவேற்பறை நிறைந்துகொண்டிருந்தது. செருப்புச் சத்தம், சலாம்கள், "வாங்க, வாங்க, வீடு பிரகாசமாச்சு." திரைச்சீலையின் இடுக்கில் இக்லாஸ் பார்த்தாள். நடு நாற்காலியில் ஹாஜி அபூ தலால், பழுப்பு அங்கி, முழங்காலுக்கு நடுவே கைத்தடி. முஃபீத் வரவில்லை. வரக்கூடாது என்பதும் முறை.

தைசீர் இடது கையில் கெண்டியும் வலது கையில் கோப்பையுமாக ஊற்றினான். முதலில் தனக்கு ஒரு வாய், பிறகு ஹாஜிக்கு. ஏலக்காய் வாசனை சமையலறை வரை வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கி, உதட்டருகே கொண்டு போகாமல், முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"அபூ கைஸ்," என்றார் ஹாஜி. "உங்க வீடு மரியாதையான வீடு. எங்க பையன் தெரிஞ்சோ தெரியாமலோ ஒரு மனசை நோகடிச்சிட்டான். அவ கோபப்பட்டது அவ உரிமை. நாங்க வந்தது எங்க கடமை. எங்க மகளை எங்ககூட அனுப்பி வைங்க. அதுவரைக்கும் உங்க காபியை நாங்க தொட மாட்டோம்."

அழகாகத்தான் பேசினார். இதையே நூறு வீட்டில் பேசியிருப்பார்.

தைசீர் வாயைத் திறந்தான். மூடினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் பார்வை திரைச்சீலைப் பக்கம் திரும்பியது.

அந்தக் கணத்தில், ஜாஹாவில் ஒருவராக வந்து ஓரத்து நாற்காலியில் இருந்த துணைத் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை.

"குடிங்க ஹாஜி," என்றான் தைசீர். "காபியைக் குடிங்க. நீங்க கேட்டது உங்களுக்கு."

ஹாஜி குடித்தார். பன்னிரண்டு பேரும் குடித்தார்கள். அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நுஹா தலையைக் குனிந்துகொண்டு குனாஃபாத் தட்டின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

அடுப்பின் மேல் இன்னொரு கெண்டி நிறையக் காபி இருந்தது, இரண்டாம் சுற்றுக்காக. இக்லாஸ் அதைத் தூக்கினாள்.

"அம்மா, கொட்டிடுவே," என்றாள் தீமா.

சொன்னதும் அவளே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் அகன்றன. யாரும் அவளைத் திட்டவில்லை. தானாக வந்தது அது, தும்மல் மாதிரி. பதினொரு வயதில் அவள் வாய்க்குள் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கே அது இந்த நிமிடம்தான் தெரிந்தது.

அதைப் பார்த்த பிறகு இக்லாஸுக்கு அந்த அறைக்குள் போவது ஒரு பெரிய காரியமாகவே இல்லை.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நடந்தாள். ஆண்கள் அறைக்குள், ஜாஹா உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண். பாதித் தலைகள் குனிந்தன, மீதித் தலைகள் தைசீரைப் பார்த்தன. அவன் எழுந்தான்.

"இக்லாஸ், உள்ளே போ."

"ஹாஜி," என்றாள் அவள். "நீங்க இப்ப குடிச்சது என் அண்ணன் ஊத்தின காபி. என்னோடதை நான் இன்னும் ஊத்தலை."

இப்படியொரு வார்த்தைக்கு அந்த முறையில் பதில் எழுதப்படவில்லை.

ஹாஜி கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்தார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அசந்துபோன மாதிரித்தான் இருந்தது. "சரிம்மா. உனக்கு மனக்குறை இருக்கு. அவன் உன்னை என்ன செஞ்சான், சொல்லு."

வீட்டில் இருபத்திரண்டு நாளாக அவள் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"பதினாலு வருஷம் பேசினார், ஹாஜி."

பிறகு ஜன்னலோரமாக இருந்த தடித்த மனிதர் ஒருவர், "எங்க வீட்டுல பேசுறது என் பொண்டாட்டிதான், நான் எந்த ஜாஹாவை அனுப்ப?" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அதற்குப் பக்கத்திலிருந்தவர் சிரித்தார். சிரிப்பு நாற்காலி நாற்காலியாக ஏறி வந்தது. துணைத் தலைமையாசிரியர் முழங்காலில் தட்டிச் சிரித்தார்.

இக்லாஸ் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் உதடு ஒரு பக்கம் மெல்ல மேலே போனது. அவனுக்குச் சிரிக்க வேண்டும் என்று இல்லை. பத்துப் பேர் சிரிக்கிறார்கள், அதனால் போனது. அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். உதடு அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், பாவம், அந்த முகத்தை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சிரிக்காதவர் ஹாஜி ஒருவர்தான். ஏன் என்று யாருக்குத் தெரியும்? அவர் வீட்டிலும் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வயதானவருக்குக் காது மந்தமாகவும் இருந்திருக்கலாம். மேசையிலிருந்த காலிக் கோப்பையை எடுத்தார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். அவர் ஆட்டவில்லை. அசைக்காமல் அவள் பக்கம் நீட்டினார்.

இக்லாஸ் ஊற்றினாள். ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை.

ஹாஜி அதைக் குடிக்காமல் மேசையில் வைத்தார், இனிப் பதில் அவளிடமிருந்துதான் வர வேண்டும் என்பதுபோல.

சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது. முதலில் பக்கத்து நாற்காலி, பிறகு அதற்கடுத்தது, கடைசியாக ஜன்னலோரம். பக்கத்து நாற்காலிக்காரர் ஹாஜியைப் பார்த்தார், தன் கோப்பையைப் பார்த்தார், நீட்டினார். அடுத்தவர் நீட்டினார். தடித்த மனிதரும் நீட்டினார். துணைத் தலைமையாசிரியர் கூட, மறுபடியும் தொண்டையைச் செருமிவிட்டு நீட்டினார். அவள் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போனாள். பன்னிரண்டு கோப்பைகள் குடிக்கப்படாமல் வரிசையாக நின்றன.

ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆத்திரம்தான் முன்னைவிடக் கூடியது. ஹாஜி சிரித்திருந்தால் இவர்கள் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவள் சொன்னது பதினோரு பேரில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. நாளைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கோப்பையும் இன்னொரு பக்கம் நீளும்.

கடைசியாக அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அவன் கையிலும் ஒரு காலிக் கோப்பை இருந்தது. அவன் கண் தன்னையறியாமல் வலது பக்கம் ஓடியது, வரிசையாக நின்ற கோப்பைகளை நோக்கி. கை மெல்ல உயர ஆரம்பித்தது.

"வேணாம் அண்ணே," என்றாள் இக்லாஸ், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவங்களைப் பார்த்து நீட்டாதே. குடுத்த வாக்கு வாக்குதான்னு ஆட்டணும்னா ஆட்டு. நான் பெட்டியைக் கட்டிக்கறேன், உன்மேல வருத்தம் இல்லை. ஆனா அவங்களைப் பார்த்து நீட்டாதே."

உயர்ந்த கை பாதியில் நின்றது. தைசீர் தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது வயது மனிதன், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு காலிக் கோப்பையோடு முதல் தடவையாக யாரையும் பார்க்காமல் யோசிக்க ஆரம்பித்தான்.

கெண்டி கனத்தது. இக்லாஸ் அதைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.